அவனுக்கு ‘ட’ வராது என்று சொன்னேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எப்போதாவது ஒரு ஏகாதசிக்கு நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும், இல்லையென்றால் வாசலில் யாராவது செருப்பைக் காணோம் என்று கத்துவார்கள். அந்த நோட்டில் இப்போது ஒன்பது பக்கத்தில் வெறும் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். கணக்கில் போய்விட்டது, தமிழில் போகவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நேரமில்லாதது ஒரு சாக்கு. உண்மையான காரணம் கூச்சம்தான். இந்தக் கதையில் கெட்ட பேர் வாங்கப் போவது நான். அரங்கன் துணையிருக்கட்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கிற இடம். என் வீட்டுக்காரர் திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். பெரியவனுக்கு ஆட்டிசம். சின்னவனுக்கு டவுன் சிண்ட்ரோம். இந்த இரண்டு பெயர்களையும் தடுமாறாமல் சொல்லவே எனக்கு ஆறு மாசம் ஆனது. இப்போது ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை என்று சொல்வது மாதிரிச் சொல்கிறேன்.

பெரியவன் சொந்தமாக ஒரு வார்த்தை பேசுவது அபூர்வம். ஆனால் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வான். சொன்னவருடைய குரல், இழுப்பு, நடுவில் வந்த இருமல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வான். பெரிய கோயிலில் பெருமாளைச் சேவிக்க வரிசையில் போகும்போது, “நகருங்க, நகருங்க, சேவிச்சாச்சுல்ல, நகருங்க” என்பார்களே, அது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை எங்கள் சொந்தக்கார அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளையும் பார்த்து உச்சுக்கொட்டி உச்சுக்கொட்டி, காப்பி குடித்து முடித்த பிறகும் உச்சுக்கொட்டினார். இவன் நேராகப் போய் எதிரில் நின்று, “சேவிச்சாச்சுல்ல, நகருங்க” என்றான். அந்த அம்மா நகர்ந்தார். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

சின்னவனுக்குப் பேச்சு குழறும், ஆனால் சிரிப்பு குழறாது. யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடிப்பான். தபால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஒருமுறை வழி தப்பி எங்கள் சந்துக்குள் வந்த போலீஸ்காரர், யாரும் தப்பியதில்லை. அவனுக்குச் செருப்பு என்றால் உயிர். வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பான். ஜோடி சேர்ப்பது அவன் கணக்கில்: சிவப்புக்குச் சிவப்பு, பெரிசுக்குப் பெரிசு, யாருடையது என்பது கிடையாது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால், போகும்போது இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் போவார்கள்.

பள்ளிக்கூடம் இருக்கிற வரைக்கும் சமாளித்துவிடலாம். மே மாசம் மூடிவிடுவார்கள். அக்கினி நட்சத்திரத்தில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு கூடத்தில் இருப்பதைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. பின்கட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேரையும் உட்கார வைப்பேன். சின்னவன் எல்லோருடைய செருப்பையும் கொண்டுவந்து அதில் நீந்த விடுவான். பெரியவன் முங்கி எழுந்து, மோட்டார் சத்தம் மாதிரி ஊம் என்பான். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் சோறாக்கி, குழம்பு வைத்து, பெருமாளுக்கு ஒரு பூவும் வைத்துவிடுவேன்.

இனி என் அண்ணன். துறையூர் பக்கம் விவசாயம். எனக்கு ஒரே அண்ணன், என் பிள்ளைகளுக்கு ஒரே தாய்மாமன். ஒவ்வொரு கோடையிலும் ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் ஒரு கூடை மாம்பழமும் தூக்கிக்கொண்டு வந்து மூன்று நாள் தங்குவார். அந்த மூன்று நாளும் இரண்டு பிள்ளைகளும் அவர் மேல்தான் கிடப்பார்கள். நான் மத்தியானம் தூங்குவேன். வருஷத்தில் நான் மத்தியானம் தூங்குகிற மூன்று நாள் அதுதான்.

சின்னவன் பிறந்த எட்டாம் மாசத்தில் அவனுக்கு இதயத்தில் ஓட்டை என்று ஆபரேஷன் நடந்தது. அண்ணன் அறுவடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, ரத்தம் கொடுத்து, பதின்மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அப்போதுதான் நான் வேண்டிக்கொண்டேன். “சமயபுரத்து ஆத்தா, பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடக்கிறவளே, இவன் பிழைச்சு வந்தா ரெண்டு பேரையும் தாய்மாமன் மடியில உக்கார வச்சு உனக்கு மொட்டை போடுறேன்.” பிழைத்து வந்தான். மொட்டைதான் தள்ளிக்கொண்டே போனது. பெரியவன் தலையில் சீப்பு பட்டாலே ஊரைக் கூட்டுவான். கத்தி என்றால் கேட்கவா வேண்டும்.

அண்ணனுக்கு ஒரு குணம் உண்டு. தினமும் காலையில் ஆறரைக்குப் போன் செய்வார். செய்தால் வைக்க மாட்டார். அவரிடம் பழைய அறுவடை மிஷின் ஒன்று இருந்தது. இன்னொருவரோடு பங்கு போட்டு வாங்கியது. அது வயலில் ஓடிய நாளைவிட ஒர்க் ஷாப்பில் நின்ற நாள்தான் அதிகம். பெல்ட் அறுந்தது, பெல்ட் மாற்றியது, மாற்றிய பெல்ட்டும் அறுந்தது, எல்லாம் ஒன்று விடாமல் எனக்கு வந்துவிடும். அறுவடை மிஷின் வைத்திருக்கிற அண்ணனுக்கு நான் ‘அறுவை மிஷின்’ என்று பேர் வைத்தேன். வீட்டுக்குள் மட்டும்தான். என் வீட்டுக்காரர் கூட அதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.

அந்த வருஷம் பெரியவனுக்கு ஏழு வயசு. மே மாசம், காலை ஆறரை. சின்னவன் தோசை மாவுப் பாத்திரத்தில் என்னுடைய ரப்பர் செருப்பை முக்கிக்கொண்டிருந்தான். நான் அதைப் பிடுங்கப் போனேன். போன் அடித்தது. அது கூடத்தில் இருந்தது. எடுத்தது பெரியவன். எடுத்ததோடு விடாமல் ஸ்பீக்கரையும் அழுத்தினான்.

“ஹலோ, யாரு, பெரிய மாப்ளையா?” என்றார் அண்ணன் சந்தோஷமாக.

என் பிள்ளை என் குரலில் பேசினான். என் பெருமூச்சோடு பேசினான்.

“ஐயோ ரங்கா. அறுவை மிஷின் அடிக்குது. எடுக்காதீங்க. எடுத்தா ஒரு மணி நேரம் போயிடும். எனக்குக் காதே போயிடும். டங்.”

கடைசியில் வந்த ‘டங்’ என்பது, நான் ஏதாவது சலித்துக்கொண்டால் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுவேனே, அந்தச் சத்தம். அதையும் விடவில்லை.

நான் மாவுக் கையோடு ஓடினேன். 

“அண்ணே! அண்ணே, அவன் உளறுறாண்ணே.”

“அவன் உளற மாட்டானே. கேட்டதைத்தானே சொல்லுவான். நீதானே சொல்லியிருக்க.”

அந்த இடத்தில் “ஆமாண்ணே, நான்தான் சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரும் ஒரு நாள் முறைத்துவிட்டு மறுநாள் ஆறரைக்கு அடித்திருப்பார். ஆனால் என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“அண்ணே, அவன் அறுவடை மிஷின்னுதாண்ணே சொல்றான். உங்க மிஷினைத்தான் சொல்றான். அவனுக்கு ‘ட’ வராதுண்ணே. டீச்சரே சொல்லியிருக்காங்க.”



“சரிங்க,” என்றார் அண்ணன். “வச்சிடறேங்க.”

என்னைப் பிறந்ததிலிருந்து “புள்ள” என்று கூப்பிட்டவர் அவர். திட்டும்போது “ஏ கழுத” என்பார். “ங்க” என்று சொன்னதே இல்லை. அந்த ஒரு ‘ங்க’ என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் ஆறரைக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வெங்காய மூட்டை வரவில்லை. நான் கூப்பிட்டால் அண்ணி எடுத்து, “அவங்க வயலுக்குப் போயிருக்காங்க” என்பார். எல்லா நேரமும் வயலிலேயே இருந்தார். மாம்பழ சீசன் முடிந்தது. சின்னவன் வாசலில் பெரிய அளவுச் செருப்பு எதைப் பார்த்தாலும் “மாமா?” என்று கேட்பான். நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

இதற்கெல்லாம் யார் மேல் கோபப்பட வேண்டும்? என் மேல். பட்டேனா? இல்லை. பெரியவனைப் பிடித்து நிறுத்தி, “உன்னாலதான்டா எல்லாம். மாமாகிட்ட மன்னிப்பு கேளு” என்று இரண்டு நாள் விடாமல் சொன்னேன்.

அது எனக்குத்தான் வந்து சேர்ந்தது. அன்று முதல் அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பல் தேய்க்கும்போது, “மாமாகிட்ட மன்னிப்பு கேளு.” டப்பில் உட்கார்ந்துகொண்டு, “மாமாகிட்ட மன்னிப்பு கேளு.” நான் பெருமாளுக்கு விளக்கேற்றிக் கண்ணை மூடினால் பின்னாலிருந்து, என் குரலிலேயே, “மாமாகிட்ட மன்னிப்பு கேளு.”

எதிர் வீட்டு மாமி கோலமாவு கடன் கேட்டு வந்தார். இவன் அவர் முகத்துக்கு நேராகப் போய்ச் சொன்னான். மாமிக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் அன்று காலையில்தான் ஏதோ வாக்குவாதம் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

“ஏண்டிம்மா,” என்றார் மாமி என்னைப் பார்த்து, “எங்காத்து மாமாகிட்ட நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? கேக்க வேண்டியது அவர்! கொழந்தைகிட்ட வந்து பஞ்சாயத்து வச்சுட்டுப் போயிருக்காரா?”

“ஐயோ மாமி, இவன் சொல்றது வேற மாமா.”

“வேற மாமாவா? எனக்கு ஏதுடி வேற மாமா!”

மாவு வாங்காமலே போய்விட்டார். அன்று சாயங்காலம் மாமா வந்து, “உங்க பையன் நல்லா இருக்கணும், நாப்பது வருஷத்துல முதல் தடவையா என்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டா” என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் எல்லோரும் திருந்தினார்கள். நான் மட்டும் அப்படியே இருந்தேன்.

இப்படியே மூன்று கோடை ஓடிவிட்டது. மூன்றாவது வருஷம் ஏப்ரலில் சின்னவனுக்கு இதயத்தைப் பரிசோதித்த டாக்டர், “ரொம்ப நல்லா இருக்கான். இனிமே ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா போதும்” என்றார். இவன் அவரையும் கட்டிப்பிடித்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்தா அவள் வேலையை முடித்துவிட்டாள். நான் சொன்ன வாக்கு அப்படியே கிடக்கிறது. மொட்டை போட மண்டபம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, தலை இரண்டும் இருக்கிறது. மடி இல்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நேர்ல போய்க் கூப்பிடுவோங்க. தட்டு வச்சு முறையா கூப்பிடுவோம்.”

“கூப்பிடு. ஆனா நீதான் பேசணும். நான் பேச மாட்டேன்.”

“நானும் பேசலை. பெரியவனைப் பேச வைக்கிறேன். நான் கேட்டா அண்ணன் முறைப்பாரு. புள்ள கேட்டா உருகிடுவாரு.”

அவர் சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “போன தடவையும் புள்ளதானே பேசினான்?”

நான் கேட்கவில்லை. ஒரு வாரம் அடுப்படியில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். “மாமா, மன்னிச்சிருங்க. மொட்டைக்கு வாங்க. அம்மா பாவம்.” கடைசி இரண்டு வார்த்தையைச் சேர்த்தது என் கெட்டிக்காரத்தனம். இரண்டே நாளில் மணி மணியாகச் சொன்னான். பக்கத்தில் கரண்டி இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டுக்குப் போய்த் துறையூர் பஸ் ஏறினோம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, மாமனுக்கு ஒரு வேட்டி, அத்தைக்கு ஒரு சேலை, எல்லாம் ஒரு கட்டைப் பையில். பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டருக்கு வெண்கலக் குரல். அவர் வாயைத் திறந்ததிலிருந்து பெரியவன் அவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. சொல்லிக் கொடுத்தது மறந்துவிடுமே என்று பயந்தேன். அவன் காதில் குனிந்து, “மாமா, மன்னிச்சிருங்க... சொல்லு, சொல்லு” என்று மண்ணச்சநல்லூரிலிருந்து துறையூர் வரைக்கும் ஓதிக்கொண்டே வந்தேன். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, “என்னம்மா, மந்திரமா?” என்று கேட்டார். சின்னவன் அந்த அம்மாவின் கூடைக்குள் கையை விட்டு, அதில் இருந்த புதுச் செருப்பைக் கண்டுபிடித்துவிட்டான். அந்தச் சண்டையில் என் பாடம் நின்றது.

அண்ணன் வீட்டு வாசலில் நின்றோம். அவர்தான் கதவைத் திறந்தார். முன்னந்தலையில் கொஞ்சம் நரைத்திருந்தது.

“வாங்க. உக்காருங்க,” என்றார். என் வீட்டுக்காரரிடம், “வாங்க மாப்ள” என்றார். என்னிடமும் அதே “வாங்க”தான்.

சின்னவனுக்கு இதெல்லாம் தெரியாது. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அண்ணன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். முகத்தை மட்டும் இறுக்கமாக வைத்திருந்தார். அண்ணி மோர் கொண்டுவந்தார். நான் தட்டை எடுத்து வைத்தேன். பெரியவனை முன்னால் தள்ளினேன்.

“சொல்லுடா கண்ணு. மாமாகிட்ட சொல்லு.”

அவன் மாமாவைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். தலைக்கு மேலே ஒரு கையைத் தூக்கி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“எறங்குற ஆளு முன்னாடி வாங்க! எறங்குற ஆளெல்லாம் முன்னாடி வந்துடுங்க! அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது!”

அண்ணி மோர்ச் செம்போடு சமையலறைக்குள் ஓடிவிட்டார். உள்ளிருந்து சிரிப்பை அடக்குகிற சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

“இல்லடா, அது இல்லடா. மாமா, மன்னிச்சிருங்க...”

“எறங்குற ஆளு முன்னாடி வாங்க,” என்றான் அவன் மறுபடியும், என்னைப் பார்த்து.

அவன் கண்ணைப் பார்த்து ஒன்று சொல்வது அபூர்வம். பஸ்ஸில் கேட்டதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது எனக்குத்தான் என்று பட்டது. இறங்கி வரவேண்டியவள் நான். மூன்று வருஷமாகப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிறேன்.

“அண்ணே,” என்றேன். “அறுவை மிஷின்னு சொன்னது நான்தான். நான்தான் பேர் வச்சேன். அவன் அறுவடைன்னு சொல்லலை. அவனுக்கு ‘ட’ வரும். டீச்சர் அப்படி எதுவும் சொல்லலை. நான் பொய் சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் காது அடைத்த மாதிரி இருந்தது. அண்ணன் சின்னவனை விலக்காமலே பேசினார்.

“தெரியும்.”

“எப்பண்ணே?”

“அப்பவே. ‘ட’ வராதவன் ‘டங்’னு எப்படிச் சொன்னான்? கணீர்னு சொன்னானே! அறுவடை மிஷின்ல கரண்டிச் சத்தம் எங்கேருந்து வரும்? எனக்கு என்ன, அவ்வளவு கூடவா தெரியாது?”

“அறுவைன்னு சொன்னது தப்புதாண்ணே.”

“அட, அதுக்கா நான் கோவப்பட்டேன்? ஒர்க் ஷாப்காரன் என் தலையைப் பார்த்தாலே ஷட்டரை இறக்குறான்.”

அண்ணி உள்ளிருந்து, “எனக்குக் கல்யாணமான மூணாம் நாளே தெரிஞ்சு போச்சு” என்றார்.

“நீ சும்மா இரு,” என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தார். “அந்தப் புள்ளைக்கு வராதது எவ்வளவோ இருக்கு. அதுல ஒவ்வொண்ணா வர வைக்க நீ படுற பாடு எனக்குத் தெரியும். அப்படி இருக்கறப்ப, வர்ற ஒண்ணையும் வராதுன்னு சொல்லிட்டியே புள்ள. நீ தப்பிக்க, அவன் வாயில இருந்து ஒரு எழுத்தைப் புடுங்கிட்டியே.”

 முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பெரியவன் காதைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு அழுகைச் சத்தம் ஆகாது. சின்னவன் மாமாவை விட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அண்ணன் எழுந்து, தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “என்னைக்கு வச்சிருக்கீங்க மொட்டை?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

அடுத்த ஞாயிறு சமயபுரம். அண்ணன் எங்களுக்கு முன்னால் வந்து, புது வேட்டியைக் கட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றார். மண்டபத்தில் நல்ல நெரிசல், பிள்ளைகளின் அழுகை, தண்ணீர்ச் சத்தம். முதலில் சின்னவன். மாமன் மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்தான். மொட்டை போடுகிறவர் பிளேடைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அவர் விலகி மறுபடி வருவார். மறுபடி கட்டிக்கொள்வான்.

“அம்மா, இந்தத் தம்பி என்னை வேலை செய்ய விட மாட்டேங்குதும்மா.”

“அவனுக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க.”

“எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா பிளேடு கையில இருக்கே!”

கடைசியில் மாமன் அவன் இரண்டு கையையும் தன் கையோடு கோத்து, இருவரும் சேர்ந்து ஆத்தாளைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் தலை பளபளவென்று ஆனது. தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் மொட்டை போட்டிருந்த எல்லோருடைய தலையையும் போய்த் தடவினான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பெரியவன் முறை வந்தது. அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டு நின்றான். என் வீட்டுக்காரர், “நாலு பேர் பிடிச்சா முடிஞ்சிடும் மச்சான்” என்றார். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “மாப்ள, உனக்கு வேணுமா, வேணாமா? வேணாம்னா வேணாம்” என்றார்.

“வேணாம்னா வேணாம்,” என்றான் அவன், மாமன் குரலிலேயே.

“கேட்டுக்கிட்டீங்களா? சொல்லிட்டான்.”

“அவன் திருப்பிச் சொல்றாண்ணே.”

“இருக்கட்டும் புள்ள. சொன்னதுதானே கணக்கு.”

மொட்டை போடுகிறவர்தான் வழி சொன்னார். பெண்கள் கொடுப்பது மாதிரி பூ முடி கொடுக்கலாம், மூன்று இடத்தில் கத்தரியால் கொஞ்சம் நறுக்கினால் போதும், ஆத்தா ஏற்றுக்கொள்வாள் என்று. அதற்கும் அவன் விடவேண்டுமே. எங்கள் வீட்டில் குக்கர் மூன்று விசில் வந்தால் அடுப்பை அணைக்கவேண்டும். அது அவனுக்குச் சட்டம். எனக்கு அது சட்டென்று தோன்றியது. “மூணே மூணு விசில்டா கண்ணு” என்றேன். அவன் காதிலிருந்து கையை எடுத்தான். தானாக வந்து மாமன் மடியில் உட்கார்ந்தான். அண்ணன் கத்தரியை வாங்கி ஒரு நறுக்கு.

“ஒரு விசில்,” என்றான் கண்ணை இறுக மூடிக்கொண்டு. அடுத்த நறுக்கு. “ரெண்டு விசில்.” மண்டபத்தில் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது நறுக்கு. “மூணு விசில். அடுப்பை அணை!” என்று சொல்லி எழுந்து போய்விட்டான்.

“முப்பது வருஷ சர்வீஸ்ல குக்கர் வச்சு முடி எடுத்தது இதுதான் முதல் தடவை,” என்றார் மொட்டை போடுகிறவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. நான் வேண்டிக்கொண்டது இரண்டு மொட்டை. ஒன்றுதான் ஆயிருக்கிறது. பிள்ளை கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டான். மீதி யாருடையது? நான் கொண்டையை அவிழ்த்துவிட்டு மொட்டை போட உட்காருகிற பலகையில் போய் உட்கார்ந்தேன்.

“ஏய், என்ன பண்ற?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மீதியை நான் குடுக்கிறேங்க.”

“வீட்டு ஓனர் அடையாளம் தெரியாம வாசல்லயே நிறுத்திடுவாரு!”

“நீங்க சாட்சி சொல்லுங்க.”

அண்ணன் என் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மொட்டை போடுகிறவர், “தண்ணி நல்லாத் தெளிச்சுக்கங்கம்மா” என்றார். எனக்குப் பின்னால், “தண்ணி நல்லாத் தெளிச்சுக்கங்கம்மா” என்று அதே குரல் கேட்டது. அடுத்த நொடி ஒரு வாளித் தண்ணீர் முழுசாக என் தலையில் விழுந்தது. திரும்பினால் பெரியவன் காலி வாளியோடு நிற்கிறான். தலை மட்டுமில்லை, சேலை, பை, அண்ணனுடைய புது வேட்டி, பக்கத்தில் மொட்டைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர், எல்லாம் தொப்பலாக நனைந்தது.

முடி இறங்கியது. குளித்து வந்ததும் அண்ணன் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு நின்றார். முதலில் சின்னவன் தலையில் பூசினார். பெரியவன் தலையில் வேண்டாம் என்று நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைத்தார். பிறகு, “குனி புள்ள” என்றார். என் தலை முழுக்கச் சில்லென்று பூசிவிட்டார். அந்த வெயிலில் அவ்வளவு குளிர்ச்சியை நான் அனுபவித்ததில்லை. ஆத்தாளைப் பார்த்தேன். அவளிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வாக்கு தீர்ந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இதுதான் நடந்தது. இதைப் படிக்கிறவர்களே, இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோடையைத் தள்ளுகிற அம்மா அப்பா யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் பரிதாபப்பட்டு, “பாவம், அவசரத்துல வாய் தவறிச் சொல்லியிருப்பா” என்று என் பொய்யைச் சின்னதாக்க வேண்டாம். நான் தெரிந்தேதான் சொன்னேன். இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று என் பெரியவன் வாயில் புதுசாக ஒரு வார்த்தையையும் வைக்க வேண்டாம். அவன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இருக்கிறது இருக்கிறபடியே போகட்டும்.